நாலரை இலட்சம் ரூபாச் சில்லும் நாலாயிரம் ரூபா மூடியும்



சைக்கிள் உதிரிப்பாகம் விற்கின்ற கடைக்கு யாரும் நகைப் பையோடு வருவதில்லை. குருநகரில் உள்ள என் கடைக்கு ஒரு பின்னேரம் ஒரு தாய் அப்படித்தான் வந்தார். புடவைத் தலைப்பில் முடிந்திருந்த சிறு பையை அவிழ்த்து, கண்ணாடி மேசையின் மேல் இரண்டு காப்புகளை வைத்தார். பின்னால் அவருடைய மகன் தலையைக் குனிந்து கொண்டு நின்றான். வயது இருபது இருக்கும். காலையில் தகப்பனோடு தொழிலுக்குக் கடலுக்குப் போய், பின்னேரத்தில் சைக்கிளோட்டப் பயிற்சி செய்கின்ற பிள்ளை. அவனை எனக்கு டயர், டியூப் வாங்க வருகின்றவனாகத் தெரியும்.

"நானா, இதை அடகு வைச்சால் அந்தச் சில்லு எடுக்கலாமோ? பெடியன் ஒரு மாசமாச் சாப்பாடும் இல்லாமல் அதைத்தான் கதைச்சுக் கொண்டு திரியிறான்" என்றார்.

"அந்தச் சில்லு" என்று அவர் சொன்னது டிஸ்க் சில்லு. கம்பிகள் எதுவும் தெரியாமல், தட்டுப் போல் முழுதாக மூடியிருக்கும் பின் சில்லு. தொலைக்காட்சியில் ஒலிம்பிக் போட்டி பார்த்தவர்கள் கண்டிருப்பீர்கள். ஒரு கிழமைக்கு முன்னர் அந்தத் தம்பிக்கு விலை விசாரித்துச் சொன்னவனும் நான்தான். வெளிநாட்டில் ஆயிரம் டொலர் முதல் மூவாயிரம் டொலர் வரை போகின்ற பொருள் அது. நடுத்தரமாக 1500 டொலர் என்று எடுத்து, ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்துக் கொண்டாலும் நாலரை இலட்சம் ரூபா. கப்பல் கூலியும் தீர்வையும் அதற்கு மேல். முற்பணம் தந்தால் எடுத்துத் தரலாம் என்று நான் சொல்லியிருந்தேன். பத்து வீதம் இலாபம் வைத்தாலும் எனக்கு நாற்பத்தையாயிரம் ரூபா ஒரே கையில் கிடைக்கும்.

அன்று அந்த வியாபாரத்தை நான் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்தோம் என்பதையும் இந்த வாரம் எழுத நினைக்கிறேன். சைக்கிள் ஓடாதவர்களும் வாசியுங்கள். விலை உயர்ந்த பொருளுக்கும் அதன் வேலையில் பெரும்பகுதியைச் செய்கின்ற மலிவான பொருளுக்கும் இடையில் நிற்கின்ற எந்த வியாபாரிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

காற்று எடுக்கின்ற கூலி

முதலில் டிஸ்க் சில்லு என்ன வேலை செய்கிறது என்று விளங்கிக் கொள்வோம்.

மேடு பள்ளம் இல்லாத வீதியில் சைக்கிள் ஓடுகின்றவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, டயர் வீதியில் உருளும்போது ஏற்படும் தடை. மற்றது, காற்று. மெதுவாகப் போகும்போது இரண்டும் ஏறத்தாழச் சமம். வேகம் கூடக் கூடக் காற்றுத்தான் முழு எதிரியாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை வெல்ல நமது கால்கள் கொடுக்க வேண்டிய வலு எட்டு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சும்மா கதைத்துக் கொண்டு போகின்றவன், 40 கிலோமீற்றரில் மூச்சு வாங்குவது இதனால்தான். அந்த வேகத்தில் அவன் கொடுக்கின்ற வலுவில் எண்பது வீதத்துக்கு மேல் காற்றை விலக்குவதற்கே செலவாகிறது.

இதில் சில்லின் பங்கு என்ன? சைக்கிள் 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது, சில்லு நிலத்தைத் தொடுகின்ற புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. சில்லின் உச்சியோ அதே கணத்தில் 80 கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் பாய்கிறது. அந்த உச்சியில் உள்ள ஸ்போக் கம்பிகள் ஒவ்வொன்றும் முட்டை அடிக்கின்ற கரண்டி போலக் காற்றைக் கலக்கிக் கொண்டே போகின்றன. கம்பி மெல்லியதுதான். ஆனால் முப்பத்தாறு கம்பிகள் ஓயாமல் கலக்குகின்றன. சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து சந்திக்கின்ற காற்றுத் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இரண்டு சில்லுகளினால் வருவது.

கம்பிகளை மூடி விட்டால் இந்தக் கலக்கல் நின்று விடுகிறது. காற்று வழுவழுப்பான தட்டின் மேல் வழுக்கிக் கொண்டு போகிறது. அதோடு இன்னொரு நன்மையும் உண்டு. காற்று நேர் எதிராக வராமல் சற்றுச் சாய்வாக வரும்போது, மூடிய பின் சில்லு ஒரு பாய் போல வேலை செய்து சைக்கிளுக்குச் சிறிது உதவுகிறது. குருநகரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பக்கக் காற்றை வைத்துக் கொண்டே வள்ளத்தை முன்னால் ஓட்டத் தெரிந்த மனிதர்களின் ஊர் இது.

புதிய கண்டுபிடிப்பு அல்ல

கம்பிச் சில்லை மூடினால் காற்றுத் தடை குறையும் என்பது நேற்றுக் கண்ட விடயமல்ல. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் பறந்த விமானங்களின் சில்லுகளைப் படத்தில் பாருங்கள். அவை தட்டுப் போலத் தெரியும். உள்ளே இருப்பது சைக்கிள் சில்லைப் போன்ற கம்பிச் சில்லுத்தான். அதன் மேல் துணியை இழுத்துக் கட்டி மூடி விட்டார்கள். அன்றைய விமானப் பொறியியலாளர் செய்ததும் இன்று நான் என் கடையில் விற்பதும் அடிப்படையில் ஒன்றுதான்.

சைக்கிள் உலகம் இதைக் கவனித்தது 1984 இல். பெல்ஜியம் நாட்டு வீரர் எடி மெர்க்ஸ் 1972 இல் மெக்சிக்கோ நகரில் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் தூரம் ஓடி உலக சாதனை வைத்திருந்தார். 1984 ஜனவரியில் அதே நகரில் இத்தாலி வீரர் பிரான்செஸ்கோ மோசர் டிஸ்க் சில்லுகள் பூட்டிய சைக்கிளில் 51.151 கிலோமீற்றர் ஓடினார். அதற்குப் பிறகு தனித்தனியாக நேரம் கணித்து ஓடுகின்ற போட்டிகளில் டிஸ்க் சில்லு வழமையாகி விட்டது.

மோட்டார் வாகனத் துறையிலும் இதே கதை. 2017 இல் வெளிவந்த டெஸ்லா மொடல் 3 மின்சாரக் காரின் சில்லுகளில் கழற்றிப் பூட்டக் கூடிய பிளாஸ்டிக் மூடி வந்தது. பற்றரியில் இருந்து கூடிய தூரம் ஓட வேண்டும் என்பதற்காகப் பூட்டப்பட்ட மூடி அது. கோடிக் கணக்கில் செலவழித்து ஆராய்ச்சி செய்கின்ற கம்பனியே பிளாஸ்டிக் மூடியை இழிவாக நினைக்கவில்லை.

டிஸ்க் சில்லில் நாம் காசு கொடுப்பது இரண்டு விடயங்களுக்கு. ஒன்று, காற்றுக்குத் தெரிகின்ற வழுவழுப்பான வெளித் தோற்றம். மற்றது, கார்பன் இழையால் செய்த உள்ளமைப்பு. காற்றுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. வெளியே கம்பி தெரியாமல் இருந்தால் அதற்குப் போதும். எனவேதான், சாதாரணக் கம்பிச் சில்லின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டைப் பூட்டினால் டிஸ்க் சில்லு தருகின்ற நன்மையில் பெரும்பகுதி கிடைத்து விடுகிறது. வெளிநாடுகளில் இப்படியான மூடிகளை அளவெடுத்துச் செய்து 100, 150 டொலருக்கு விற்கிறார்கள். அதையும் நாம் இங்கேயே செய்து கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் மிச்சம்?

வியாபாரி என்றால் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தாயின் முன்னால் கல்குலேட்டரை எடுத்து வைத்துக் கொண்டு மகனுக்குக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன்.

மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் தனியாக ஓடுகின்ற ஒருவர் ஏறத்தாழ 210 வாட் வலுக் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பின் சில்லை மூடுவதால் 4 வாட் மிச்சம் என்று எடுத்தால், அவருடைய வேகம் நூற்றுக்கு முக்கால் பங்கு அளவில் கூடும். 40 கிலோமீற்றர் போட்டியில் அது ஏறத்தாழ அரை நிமிடம். 90 கிலோமீற்றர் ஓட்டத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. 2018 பெப்ரவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் முதல் முறையாக நடந்த அயன்மேன் 70.3 போட்டியில் சைக்கிள் பகுதி 90 கிலோமீற்றர். அப்படியான ஓட்டத்தில் ஒரு நிமிடம் என்பது பல இடங்கள் முன்னுக்குப் போகின்ற வித்தியாசம்.

அதே மூடியைப் பூட்டிக் கொண்டு மூன்று கிலோமீற்றர் தூரத்தில் உள்ள பாடசாலைக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் போகின்ற மாணவனுக்கு என்ன மிச்சம்? மூன்று நான்கு வினாடி. சந்தைக்குப் போகின்றவருக்கும் வேலைக்குப் போகின்றவருக்கும் இது தேவையில்லை. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனபோது, கார் வைத்திருந்தவர்களும் சைக்கிள் தேடி வந்தார்கள். அந்த நாட்களில் இப்படியொரு மூடியைக் காட்டி "வேகமாகப் போகலாம்" என்று சொல்லியிருந்தால் நூறு பேர் வாங்கியிருப்பார்கள். அது வியாபாரமல்ல, ஏமாற்று. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். பொருளின் குறையை மறைப்பது போன்றதுதான், தேவையில்லாதவனுக்குத் தேவையென்று நம்ப வைப்பதும்.

போட்டி வீரனுக்குக் கூட மூடி முதற் செலவு அல்ல என்பதைச் சொல்லி விட வேண்டும். காற்றுத் தடையில் முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பினால் வருவது. குனிந்து, முழங்கைகளை ஒடுக்கி, தோளைச் சுருக்கி ஓடப் பழகுவது ஒரு சதமும் செலவில்லாத காரியம். காற்றில் படபடக்கின்ற தொளதொளச் சட்டையைக் கழற்றி, உடம்போடு ஒட்டிய சட்டை போடுவது அடுத்தது. நல்ல டயரும் சரியான காற்று அழுத்தமும் அதற்கு அடுத்தது. செயினைக் கழுவி எண்ணெய் போடுவதும் அப்படியே. இவை எல்லாம் முடிந்த பிறகுதான் மூடி. டிஸ்க் சில்லு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

நான் செய்த தவறு

இந்த ஒழுங்கு எனக்குப் பிறவியிலே தெரிந்ததல்ல. அதற்கு ஒரு பிள்ளையின் கை எலும்பு முறிய வேண்டியிருந்தது.

இந்தத் தாய் வருவதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர் வேறு ஒரு இளைஞன் மூடி கேட்டு வந்தான். பின் சில்லுக்கு மட்டும்தான் கேட்டான். ஒன்று விற்பதை விட இரண்டு விற்றால் இலாபம் இரட்டிப்பு என்று என் மனம் கணக்குப் போட்டது. "முன்னுக்கும் போடும் தம்பி, இன்னும் வேகமாகப் போகலாம்" என்று நானே சொல்லி இரண்டையும் பூட்டிக் கொடுத்தேன். சோளகக் காற்று எழும்பியிருந்த மாதம். அன்று பின்னேரமே அவன் பண்ணை வீதியால் தீவுப் பக்கம் ஓடியிருக்கிறான். இரு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு மரம் இல்லை. பக்கத்திலிருந்து அடித்த காற்று முன் சில்லைப் பாயைப் பிடிப்பது போலப் பிடித்து ஹாண்டிலைத் திருப்பி விட்டது. விழுந்தவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வாகனம் வராதது அல்லாஹ்வின் அருள்.

பின் சில்லில் பக்கக் காற்று அடித்தால் சைக்கிள் சற்று ஒதுங்கும். அங்கே உடம்பின் பாரம் இருக்கிறது, சில்லும் திரும்பாது. முன் சில்லு திசை காட்டுகின்ற சில்லு. அதை மூடினால் திசையைக் காற்றின் கையில் கொடுத்து விடுகிறோம். உலகத்துப் போட்டி விதிகளும் இதையே சொல்கின்றன. அயன்மேன் போட்டிகளில் முன் சில்லை மூடத் தடை, பின் சில்லுக்கு மட்டும் அனுமதி. ஹவாய்த் தீவின் கோனாவில் நடந்த உலகப் போட்டிகளில், அங்கே வீசுகின்ற பக்கக் காற்றுக்காகப் பின் சில்லிலும் டிஸ்க் கூடாது என்று நீண்ட காலம் தடை இருந்தது. இதை நான் முன்பே படித்திருந்தால் அந்தப் பிள்ளை விழுந்திருக்க மாட்டான். நான் விற்கின்ற பொருளைப் பற்றி என்னை விட என் வாடிக்கையாளன் கூடத் தெரிந்து வைத்திருந்தான். அவன் கேட்டது ஒன்றுதானே.

வைத்தியசாலைக்குப் போய் அவனுடைய தகப்பனைச் சந்தித்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். மூடிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். மேசையில் வைத்து விட்டு வந்தேன். அன்றிலிருந்து முன் சில்லுக்கு மூடி கேட்டு யார் வந்தாலும் என் கடையில் இல்லை.

எப்படிச் செய்வது?

இப்போது செய்முறைக்கு வருவோம். கைவேலை தெரிந்த எவரும் ஒரு பின்னேரத்தில் செய்யலாம்.

பொருள் முதலில். குருநகரில் கண்ணாடி இழை வள்ளம் செய்கின்ற பட்டறைக்காரர்கள் என் நண்பர்கள். அவர்களிடமே அச்சு வைத்துச் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் பார்த்தால் சரிவரவில்லை. 30 சென்ரிமீற்றர் ஆரையுள்ள தட்டு, 2 மில்லிமீற்றர் தடிப்பில் செய்தால் இரு பக்கமும் சேர்த்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டி விடும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்டிக் தாள் என்றால் இரு பக்கமும் சேர்த்துக் கால் கிலோ. முக்கால் மில்லிமீற்றர் என்றாலும் நானூறு கிராமுக்கு உள்ளேதான். கோப்பு உறைகள் செய்கின்ற அதே வகைப் பிளாஸ்டிக்தான் இது. நம் குடாநாட்டில் மலை இல்லை, ஆகவே இந்தப் பாரம் பெரிதாகத் தெரியாது. நுவரெலியாவுக்கு ஏறப் போகின்றவர் மூடியைக் கழற்றி விட்டுப் போவது நல்லது.

அடுத்தது அளவு. பிரேக் கட்டை உரசுகின்ற பகுதிக்கு உள்ளே, ரிம்மில் மூடியின் விளிம்பு நிற்க வேண்டும். அதை மைய அச்சிலிருந்து அளந்து வட்டம் வெட்டுங்கள். நடுவில் ஹப்புக்கு ஒரு துளை.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். சில்லு தட்டையானதல்ல. நடுவில் ஹப் புடைத்துக் கொண்டு நிற்கும். தட்டையான தாளை அதன் மேல் இழுத்தால் விளிம்பு அலை அலையாக எழும்பும். ஆகவே தாளில் விளிம்பிலிருந்து நடுத்துளை வரை ஒரு நேர் வெட்டு வெட்டி, ஒரு விளிம்பை மற்றதன் மேல் சற்று ஏற்றி ஒட்டினால் அது ஆழமில்லாத கூம்பாகி விடும். எவ்வளவு ஏற்ற வேண்டும்? 30 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சில்லில், ஹப் விளிம்பு ரிம்மை விட இரண்டரைச் சென்ரிமீற்றர் வெளியே நின்றால், ஓரத்தில் ஏழெட்டு மில்லிமீற்றர் ஏற்றினால் போதும். இது இடப் பக்கத்துக் கணக்கு. செயின் இருக்கின்ற வலப் பக்கத்தில் கியர் பற்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ஹப் விளிம்பு உள்ளே தள்ளியிருக்கும். அங்கே ஏற்றம் ஒரு மில்லிமீற்றர் கூட வராது. ஏறத்தாழத் தட்டையாகவே விடலாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவில் வெட்டுகின்றவர் ஒரு தாளைக் கட்டாயம் வீணாக்குவார். நான் இரண்டு வீணாக்கினேன்.

கட்டுவதற்குத் தங்கூசி நூலை விட நல்ல பொருள் கிடையாது. ரிம்மின் ஓரமாகச் சுற்றிவர எட்டு இடங்களில் சோடித் துளைகள் போட்டு, ஒரு பக்க மூடியிலிருந்து கம்பிகளுக்கு இடையால் மற்றப் பக்க மூடிக்கு இழுத்துக் கட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக் கொள்ளும். இந்த முடிச்சுக்களைப் போட எனக்குச் சொல்லித் தந்தவர் வலை பின்னுகின்ற ஒரு பெரியவர். என் முடிச்சு மூன்று நாளில் தளர்ந்தது. அவருடைய முடிச்சு இன்னும் அவிழவில்லை.

பூட்டிய பின் பார்க்க வேண்டியவை சில உண்டு. காற்று அடிப்பதற்கு வால்வுப் பக்கத்தில் கை நுழைகின்ற அளவு ஒரு துளை விட்டு, ஓடும்போது அதைப் பசைத் தாளால் மூட வேண்டும். சில்லைக் கையால் சுற்றி, பிரேக் கட்டையிலோ செயினிலோ சட்டத்திலோ மூடி உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் இடப் பக்கத்துப் பிரேக் தட்டில் மூடி படவே கூடாது. மூடுவதற்கு முன்னரே சில்லின் கோணலை எடுத்து, தளர்ந்த கம்பிகளை இறுக்கி விட வேண்டும். மூடிய பிறகு கம்பி தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு தடவை கழற்றிப் பார்ப்பது பாதுகாப்பு.

விதியையும் விசாரியுங்கள்

பூட்டுவதற்கு முன்னர் போட்டி நடத்துபவரிடம் கேட்பது அவசியம். சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி நடக்கின்ற போட்டிகளில், காற்றுத் தடையைக் குறைப்பதற்காகச் சில்லில் பின்னர் பூட்டப்படுகின்ற மூடிக்கு அனுமதியில்லை. சில்லின் கட்டமைப்பாகவே செய்யப்பட்ட டிஸ்க் சில்லுக்கு, தனித்தனியாக நேரம் கணிக்கின்ற போட்டிகளில் அனுமதியுண்டு. எல்லோரும் கூட்டமாக ஓடுகின்ற வீதிப் போட்டிகளில் டிஸ்க் சில்லும் கூடாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிகள் பலவற்றில் பின் சில்லுக்கு மூடி அனுமதிக்கப்படுகிறது. ஊர்க் கழகங்கள் நடத்துகின்ற போட்டிகளில் நடத்துபவரின் சொல்தான் சட்டம். இதை விசாரிக்காமல் நாலரை இலட்சம் கொடுத்து வாங்கியவனும் ஆரம்பக் கோட்டிலே திருப்பி அனுப்பப்படலாம்.

அன்று அந்தத் தம்பியிடம் நான் கேட்ட முதற் கேள்வி இதுதான். "நீர் ஓடப் போற போட்டியிலை என்ன விதி?" அவனுக்குத் தெரியாது. என் கடைத் தொலைபேசியிலிருந்தே கழகத்துக்கு எடுத்துக் கேட்டான். தனித்தனி நேர ஓட்டம், 40 கிலோமீற்றர், பின் சில்லுக்கு மூடி போடலாம் என்றார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் ஓட நினைத்திருந்த இன்னொரு போட்டி கூட்டமாக ஓடுகின்றது. அதில் டிஸ்க் சில்லைப் பூட்டவே முடியாது. காப்புகள் வட்டிக் கடையில் இருக்க, சில்லு வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கும்.

நான் தாயைப் பார்த்துச் சொன்னேன். "தங்கச்சி, காப்பை எடுத்துக் கையிலை போடுங்கோ. நாலாயிரம் ரூபாவிலை வேலை முடியும். அதுவும் இப்ப வேண்டாம், போட்டி முடியத் தந்தாப் போதும்." அவர் காப்பைப் போட்டுக் கொள்ளவில்லை. பையில் முடிந்து கொண்டார். மகன் முகத்தில் சந்தோஷம் இருக்கவில்லை. அவன் கேட்டது மினுமினுக்கின்ற கறுப்புச் சில்லு. நான் தருவதாகச் சொன்னது பிளாஸ்டிக் தாள். இருபது வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்கு மிச்சம் என்ன?

தாள், வெட்டுக் கூலி, பசை, நூல் எல்லாம் போக அந்த மூடியில் எனக்குக் கிடைத்தது ஆயிரத்து ஐந்நூறு ரூபா. டிஸ்க் சில்லில் வந்திருக்கக் கூடிய நாற்பத்தையாயிரத்தை விட்டு விட்டு இதை எடுப்பது எந்த வகை வியாபாரம் என்று என் மகனே கேட்டான்.

அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அந்தத் தாய் வட்டிக்குக் காசு எடுத்து என்னிடம் ஒரு தடவை வந்திருப்பார். மாதா மாதம் வட்டி கட்டும்போதெல்லாம் என் கடையை நினைத்திருப்பார். எப்படி நினைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். இன்று அந்தப் பிள்ளையின் கழகத்தவர்கள் டயருக்கும் செயினுக்கும் பிரேக் கட்டைக்கும் என்னிடம் வருகிறார்கள். சிறு சிறு இலாபம். ஆனால் தொடர்ந்து வருகின்ற இலாபம். பரக்கத் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதிக்குப் பிறகு நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. புத்தளத்தில் இருந்தோம். திரும்பி வந்து கடை திறந்தபோது, மின்சாரமும் எரிபொருளும் இல்லாத அந்த வருடங்களில் இங்கே இருந்தவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை வாடிக்கையாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லாததை நினைத்து அழாமல் இருப்பதை வைத்துச் செய்து முடிக்கின்ற கெட்டித்தனம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வியாபாரி அதற்கு உதவி செய்ய வேண்டும். குறுக்கே நின்று விலை உயர்ந்த பொருளைக் காட்டக் கூடாது.

போட்டியில் அந்தத் தம்பி வெற்றி பெற்றானா என்று கேட்பீர்கள். இல்லை, நான்காவதாக வந்தான். அவனுடைய பழைய நேரத்தை விட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைவு. அதில் அரை நிமிடம் மூடியினுடையது என்று வைத்துக் கொள்ளலாம். மிச்சம் அவன் குனிந்து ஓடப் பழகியதும் காலையும் மாலையும் பட்ட பாடும். அடுத்த நாள் நாலாயிரம் ரூபாவைக் கொண்டு வந்து தந்தது அவனல்ல, தாய். எண்ணி வைத்த கையில் இரண்டு காப்புகளும் இருந்தன.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் கடனுக்குப் பொருள் கொடுப்பது பற்றி எழுதுவேன். வஸ்ஸலாம்.